இராஜமாணிக்கத்துக்குப் போட்ட நாலு இசை

தியேட்டரில் நீங்கள் அழுதது உங்கள் இளகிய மனசால் என்று நினைத்துக்கொண்டிருந்தால், அந்த நினைப்பை விட்டுவிடுங்கள். அழ வைத்தது என்னைப் போல ஒரு ஆள். பனியனோடு ஏசி அறையில் உட்கார்ந்து, ஹீரோவின் அம்மா சாகிற இடத்தில் வயலினை ரெண்டு விநாடி தள்ளி வைக்கலாமா என்று யோசித்தபடி சிப்ஸ் தின்றுகொண்டிருந்தவன்.

என் பெயர் டேரில். காக்ஸ் டவுனில் எங்கள் பழைய வீட்டின் மாடியில்தான் என் ஸ்டுடியோ. கன்னடப் படம், தமிழ்ப் படம், வெப் சீரிஸ் என்று யார் கூப்பிட்டாலும் பின்னணி இசை போட்டுக் கொடுப்பேன். பாட்டு இல்லை. பாட்டுப் போடுகிறவனுக்கு பேனரில் போட்டோ வரும். வசனத்துக்கு அடியிலும் கதவு திறக்கிற சத்தத்துக்குப் பின்னாலும் ஒன்று ஓடிக்கொண்டிருக்குமே, அது என் வேலை. காதில் விழுந்ததே உங்களுக்குத் தெரியாது. தெரியாததனால்தான் அது பலிக்கிறது.

பேய்ப் படத்தில் பேய் கிடையாது, ஒரு காலி வராந்தாவும் என் செல்லோவும்தான் இருக்கும். காதல் படத்தில் அந்த ரெண்டு பேரும் கேரவனுக்கு வெளியே முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள், நான் கிடாரைத் தொட்டதும் நீங்கள் உருகுவீர்கள். காமெடியில் வழுக்கி விழுகிறவனுக்கு நிஜமாகவே முட்டி பெயர்ந்திருக்கும். மோர்சிங்கில் ஒரு ‘டொய்ங்’ வைத்தால் குடும்பத்தோடு சிரிப்பீர்கள். முட்டியைப் பற்றி ஒருவரும் கேட்கமாட்டீர்கள்.

சனிக்கிழமைகளில் ஒரு கல்லூரியில் இதையே பாடமாகவும் எடுக்கிறேன். அதற்கு எனக்கு ஒரு முகம் தேவைப்பட்டது. நடிகனின் முகம் உதவாது, அது முந்திக்கொண்டு எதையாவது சொல்லிவிடும். தன் வேலையைப் பார்த்துக்கொண்டு நிற்கிற ஒரு முகம் வேண்டும், மீதியை நான் சொல்லிக்கொள்வேன்.

எதிர் அபார்ட்மெண்டில் ரக்ஷிதா என்று ஒன்றாம் வகுப்புக் குழந்தை. அவளைக் கூட்டிப்போகத் தினமும் காலை ஏழே காலுக்கு ஒரு மஞ்சள் வேன் வரும். ஓட்டுகிறவர் இராஜமாணிக்கம், நீலசந்திராக்காரர், ஐம்பதைத் தாண்டியவர். சொந்த வேன், பதினாலு பிள்ளைகள். ஒரு நாள் காலை பால்கனியில் பல் விளக்கிக்கொண்டே அவரைப் போனில் எடுத்தேன். கேட்காமல்தான் எடுத்தேன். கேட்டால் முகம் கெட்டுப்போகும்.

வேனில் சாய்ந்து நிற்கிறார். கேட்டைப் பார்க்கிறார். கழுத்தை மெதுவாகத் திருப்பித் தெருவின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்க்கிறார். நெஞ்சுப் பக்கத்துப் பையில் கைவிட்டு ஒரு மிட்டாய் எடுத்து உள்ளங்கையில் மூடிக்கொள்கிறார். கேட் திறக்கிறது, சிரிக்கிறார். மொத்தம் இருபத்திரண்டு விநாடி.

அதற்கு நாலு இசை போட்டேன். கிடார் வைத்தால் பழைய காதலிக்காகக் காத்திருக்கிறவர். மோர்சிங் வைத்தால் பெண்டாட்டிக்குத் தெரியாமல் மிட்டாய் தின்ன வந்த மாமா. வயலின் வைத்தால் இனி வரவே மாட்டாத மகளைத் தேடி வந்த அப்பா. நாலாவதாக, செல்லோவில் ஒரே ஒரு கீழ் ஸ்வரத்தை இழுத்து, மிட்டாய் வெளியே வருகிற இடத்தில் நிறுத்தினேன். அந்த நிசப்தத்தில் அவர் சிரிப்பார். வகுப்பில் ஒரு பெண் கண்ணை மூடிக்கொண்டாள்.

பெருமை தாங்கவில்லை எனக்கு. ‘ஒரே முகம், நாலு இசை’ என்று தலைப்பு வைத்து நாலையும் வரிசையாக என் இன்ஸ்டா பக்கத்தில் ஏற்றினேன். முதல் மூன்றைச் சொந்தக்காரர்களும் மாணவர்களும் பார்த்தார்கள். நாலாவதை ஊரே பார்த்தது. யாரோ தலைப்பை வெட்டினார்கள், யாரோ ‘காக்ஸ் டவுன் பெற்றோர்களே உஷார்’ என்று சேர்த்தார்கள். அது வாட்ஸ்அப்பில் ஒவ்வொரு அம்மாவின் கைக்கும் போய்ச் சேர்ந்தது. நாலே நாளில் பதினாலு பிள்ளைகளில் ஒரு பிள்ளைகூட வேனில் இல்லை.

ஐந்தாம் நாள் அவர் என் மாடிப்படி ஏறி வந்தார். செருப்பைக் கீழேயே விட்டுவிட்டு வந்திருந்தார்.

“சார், நான் கீழ வேன் ஓட்டறவன்.”

“தெரியும். உட்காருங்க.”

“பர்வாயில்ல சார். என்னை வச்சி இன்னாவோ படம் விட்டிருக்கீங்களாம். நான் சும்மனே வேனாண்ட நின்னுகினு இருக்கறதுதான். ஆனா அந்த சத்தத்தோட பாத்தா எனக்கே பயமா இருக்குது சார்.”

எனக்கே பயமாக இருக்கிறது என்று அவர் சொன்னதும் உள்ளுக்குள் எனக்குக் குளுகுளுவென்று இருந்தது. மறைத்து என்ன ஆகப்போகிறது.

“ரெண்டு பக்கமும் பாத்தது வண்டி வருதான்னு சார். புள்ள ரோடு தாண்டி வருது இல்ல? அந்த மிட்டாய், அது காலைல அழுவும், ஸ்கூலு வேணான்னு. ஒண்ணு குடுத்தா வண்டில ஏறிக்கும். அவங்கம்மாவ கேட்டுக்கினுதான் குடுக்கறேன்.”

“நான் தப்பா எதுவும் சொல்லலையே இராஜமாணிக்கம். அது பாடத்துக்குப் போட்டது.”

“நீங்க ஒண்ணுமே சொல்லல சார். அதான் நான் இன்னான்னு பதில் சொல்றதுன்னு தெரியல.”

அவர் எதிரிலேயே வீடியோவை அழித்தேன். அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா. அழித்ததைப் பார்த்தவர்கள், ஏதோ உண்மை இருக்கப்போய்த்தான் அழித்தான் என்றார்கள்.

மறுநாள் ரக்ஷிதாவின் அம்மாவைப் போய்ப் பார்த்தேன். சிந்து, ஈரோட்டுப் பெண், ஐ.டி. கம்பெனியில் வேலை. காபி கொடுத்தாள்.

“தப்பா நினைச்சுக்காதீங்க சார். அவர் மேல ஒரு கம்ப்ளெய்ண்டும் இல்லீங்க. ரெண்டு வருஷமா பாப்பாவைப் பத்திரமாத்தான் கூட்டிட்டுப் போனாரு. மிட்டாய் விஷயமும் எனக்குத் தெரியும்.”

“அப்புறம் என்னம்மா? அது என் மியூசிக். அதை எடுத்துட்டுப் பாருங்க, ஒரு மனுஷன் நிக்கறார், அவ்வளவுதான்.”

போனை நீட்டினேன், சத்தமே இல்லாமல். அவள் பொறுமையாகப் பார்த்தாள். மிட்டாய் எடுக்கிற இடம் வந்ததும் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள்.

“இந்த இடத்துல அந்தச் சத்தம் வருது சார்.”

“மியூட்ல இருக்கும்மா.”

“தெரியுதுங்க. ஆனா கேக்குது.”

முப்பது வருஷத் தொழிலில் இப்படி ஒரு பாராட்டு எனக்குக் கிடைத்ததில்லை. படியிறங்கும்போது அதைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். இன்றைக்கு வெட்கமாக இருக்கிறது. அன்றைக்கு இல்லை.

ஒரு முகத்தின்மேல் முதலில் ஒட்டின இசை போகவே போகாது. அதைவிடச் சத்தமாக இன்னொன்றை மேலே ஒட்டலாம், அதுதான் ஒரே வழி. இராஜமாணிக்கத்தை ஸ்டுடியோவுக்கு வரச்சொல்லி, என் உதவியாளர் கிருத்திகாவைவிட்டு அவர் காதில் ஹெட்போனை மாட்டினேன். கிடாரைப் போட்டுக் காட்டவில்லை. குழந்தைக்காக நிற்கிற ஆளுக்குக் காதல் இசை வைத்தால் மிச்சமிருக்கிற மானமும் போய்விடும். வயலினைப் போட்டேன்.

பாதியிலேயே அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டார்.

“இது நல்லா இருக்குது சார். இதுல நான் மனுசனாட்டம் இருக்கறேன். இதையே வுட்டுடுங்க.”

“முடியாது. இதைப் பாத்தா பாவம்னு நினைப்பாங்க. பாவம்னு நினைக்கற ஆளுக்கு உச்சு கொட்டுவாங்க, பிள்ளையை அனுப்ப மாட்டாங்க.”

அடுத்தது மோர்சிங். கழுத்தைத் திருப்புகிறதை மட்டும் முன்னும் பின்னுமாக மூன்று தடவை ஓடவிட்டு, ஒவ்வொரு திருப்பலுக்கும் ஒரு ‘டொய்ங்’. மிட்டாய் வருகிற இடத்தில் ‘டொய்யாங்’. கிருத்திகா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், உடனே “ஸாரி அங்கிள்” என்றாள். அவர் சிரிக்கவில்லை.

“இதுல நான் கோமாளி மேரி இருக்கறேன் சார்.”

“கோமாளியைப் பாத்து யாராவது பயப்படுவாங்களா?”

“மாட்டாங்க.”

“அப்புறம் என்ன?”

கிருத்திகா குறுக்கே புகுந்தாள். “சார், அவர் வயலின்தான் கேக்கறாரு. அதையே போட்டுப் பாக்கலாமே.”

“ஆளாளுக்குக் கேட்டதைப் போட இது கல்யாணக் கச்சேரி இல்ல” என்றேன். எனக்குக் கோபம் வந்தால் அறையில் யாரும் பேசமாட்டார்கள். இராஜமாணிக்கம் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

“நீங்க படிச்சவரு. எனக்கு வேன் ஓடணும் சார். செய்ங்க.”

செய்தேன். அது செல்லோவைவிட வேகமாகப் பறந்தது. ஒரு வாரத்துக்குள் நகரத்தில் பாதிப் பேர் டொய்ங் மாமாவைப் பார்த்துவிட்டார்கள். பெட்ரோல் பங்க்கில் செல்ஃபி எடுத்தார்கள். அம்மாக்களின் அதே வாட்ஸ்அப் குரூப்பில், பாவம் இந்த ஆளைப் போய் என்னமோ சொன்னோமே என்று சிரிப்பு பொம்மைகள் வரிசையாக விழுந்தன. சிந்துதான் முதலில் ரக்ஷிதாவை அனுப்பினாள். இரண்டு வாரத்தில் பதினாலு பேரும் திரும்பி வந்து, மேற்கொண்டு இரண்டு பேர் சேர்ந்தார்கள். இராஜமாணிக்கம் பேக்கரி மைசூர்பாக் டப்பாவோடு மாடியேறி வந்து என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் அதையும் பெருந்தன்மையாக வாங்கிக்கொண்டேன்.

மழைக்காலத்தில் ஒரு நாள் கீழே கேட்டருகே நிறுத்திப் பேசினார்.

“சார், பசங்க ஜன்னலுக்கு வெளிய கைய நீட்டறாங்க. நீட்டாதன்னா சிரிக்கறாங்க. கத்தினா இன்னும் சிரிக்கறாங்க. நான் வாயத் தொறந்தாலே அந்த டொய்ங்கு பாடறாங்க. முன்ன நான் ஒரு வார்த்தை சொன்னா கேப்பாங்க சார்.”

“பயந்ததுக்கு இது தேவலை இல்லையா?”

“தேவலதான் சார். வேன் ஓடுது.” கேட்டில் கைவைத்து, “ஊட்டாண்ட கூட அப்டித்தான். சாந்தகுமாரி மட்டும் சிரிக்கறதில்ல” என்றார். சாந்தகுமாரி அவர் மனைவி.

எனக்கு மிக்ஸிங்குக்கு நேரமாகிவிட்டது என்று மேலே போய்விட்டேன்.

நவம்பரில் ஒரு புதன்கிழமை. ஸ்டுடியோவில் நானும் கிருத்திகாவும் பன்னும் காபியுமாக உட்கார்ந்திருந்தோம். பழைய மாணவன் கவினிடமிருந்து ஒரு வீடியோ வந்தது. ‘சார், உங்க ஹீரோ’ என்று எழுதியிருந்தான். மார்க்கெட் பக்கத்து வளைவில் மஞ்சள் வேன் ஓரங்கட்டி நிற்கிறது. இராஜமாணிக்கம் இறங்கி, வேனின் பக்கக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். கழுத்தை மெதுவாகத் திருப்பி இந்தப் பக்கம் பார்க்கிறார், அந்தப் பக்கம் பார்க்கிறார். கை நெஞ்சுப் பக்கத்துப் பைக்குப் போகிறது. வேன் ஜன்னல் முழுக்கப் பிள்ளைத் தலைகள், ஒரே குரலில் டொய்ங், டொய்ங், டொய்யாங். நடைபாதையில் நிற்கிறவர்களும் சேர்ந்து பாடுகிறார்கள். சரியாக டொய்யாங்கில் அவர் வேனில் முதுகு சறுக்கி, காலை நீட்டி உட்கார்ந்துவிடுகிறார்.

நான் வாய்விட்டுச் சிரித்தேன். பன் புரையேறும் அளவுக்குச் சிரித்தேன். “டைமிங் பாரு” என்று போனை கிருத்திகாவிடம் காட்டினேன்.

அவள் பார்த்தாள். “சார், அவர் எழுந்திருக்கல.”

பதினோரு விநாடி சிரித்திருக்கிறேன். என் பிழைப்பே விநாடிக் கணக்குத்தான், அதனால் தெரியும்.

அவரைச் சுற்றிச் சின்னக் கூட்டமே நின்றிருந்தது. எல்லோர் கையிலும் போன் இருந்தது, ஆம்புலன்ஸைக் கூப்பிட யாருக்கும் தோன்றவில்லை. பூக்காரி ஒருத்திக்கு இன்ஸ்டா கிடையாது, அந்த டொய்ங்கும் தெரியாது. அவள்தான் கடையை விட்டு ஓடிவந்து தண்ணீர் கொடுத்துப் பார்த்துவிட்டுச் சத்தம் போட்டாள். அதற்குள் பத்து நிமிஷத்துக்குமேல் ஆகியிருந்தது. நெஞ்சு வலி வந்தும் மனுஷன் வண்டியை ஓரங்கட்டி, ஹேண்ட் பிரேக் இழுத்து, பிள்ளைகள் தொட்டுவிடக் கூடாது என்று சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டுதான் இறங்கியிருக்கிறார். அந்தப் பையில் சாவியோடு ரெண்டு மிட்டாயும் இருந்ததாக ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

அடக்கம் முடிந்த மறுநாள் நீலசந்திராவுக்குப் போனேன். போகாமல் இருக்கலாம் என்றுதான் காலை முழுக்க நினைத்தேன். சந்துக்குள் என்னைப் பார்த்ததும் ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையின் காதில் என்னவோ சொன்னது. ஒற்றை அறை வீடு. பூப் போட்ட போட்டோவுக்குக் கீழே சாந்தகுமாரி உட்கார்ந்திருந்தாள். திட்டுவாள், செருப்பை எடுப்பாள் என்று தயாராகப் போயிருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“வாங்க சார். அவரு உங்களப் பத்தி சொல்லிகினே இருப்பாரு. உங்களாலதான் வேன் ஓடுதுன்னு.”

போட்டோவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தேன்.

“அவரு வுழுந்தது எல்லார் போன்லயும் இருக்குது சார். எழவுக்கு வந்தவங்க கூட வெளிய போயி பாக்கறாங்க. பாத்துட்டு உள்ள வரும்போது மூஞ்சிய சரி பண்ணிகினு வராங்க. எனக்கு தெரியுது.” புடவைத் தலைப்பை முடிந்து முடிந்து அவிழ்த்தாள். “நீங்க அழுவறது ஒண்ணு வச்சிருந்தீங்களாமே. அதுல மனுசனாட்டம் இருந்தேன்னு சொல்வாரு. அத இதுக்கு போட்டு குடுங்க சார். காரியத்தன்னிக்கு எல்லாருக்கும் அனுப்பிடறேன். அவரு செத்துதான் போனாருன்னு தெரியட்டும்.”

மூன்று நாள் உட்கார்ந்தேன். பிள்ளைகளின் குரலைத் துடைத்து எடுத்தேன். தெருச் சத்தத்தைத் துடைத்தேன். நிஜமான வயலின்காரர் ஒருவரை வரவழைத்து, அவர் அழுகிற அளவுக்கு வாசிக்க வைத்தேன். என் கைக்கு எட்டின உச்சம் அதுதான், அதற்குமேல் எனக்குத் தெரியாது. சறுக்கி உட்காருகிற இடம் வரும்போதெல்லாம் என் உதட்டோரம் துடித்தது. அது என் ஒருவன் கிறுக்கு, துடைத்தெடுத்த டொய்யாங் அதைப் போட்டவனுக்குத்தான் கேட்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கிருத்திகாவிடம் காட்டவில்லை.

காரியத்துக்கு முதல் நாள் மதியம் லேப்டாப்போடு போனேன். கதவைச் சாத்திவிட்டு அவள் என் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தாள். ஓட்டினேன். வயலின் அறை முழுக்க நிறைந்தது. இராஜமாணிக்கம் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கழுத்தை இந்தப் பக்கம் திருப்பினார், அந்தப் பக்கம் திருப்பினார். ஆள் தேடுகிறார் என்பது அப்போதுதான் எனக்கே முழுசாகப் புரிந்தது. சாந்தகுமாரியின் கண்ணிலிருந்து கொட்டியது. கை பைக்குப் போனது.

அவர் சறுக்கி உட்கார்ந்தார். சாந்தகுமாரியின் உதட்டோரம் மேலே ஏறியது.

கண்ணீர் வழிந்துகொண்டேதான் இருந்தது. ஒரு நொடிக்குமேல் இருக்காது. ஆனால் நான் பார்த்ததை அவளும் பார்த்துவிட்டாள். என்ன நடந்தது என்று புரிந்ததும் தன் கையாலேயே தன் வாயில் அடித்துக்கொண்டாள். மறுபடி அடித்துக்கொண்டாள். மூன்றாவது அடியில் உதடு பல்லில் பட்டுக் கிழிந்தது. அந்தக் கையைப் பிடித்துத் தடுக்கிற யோக்கியதை எனக்கில்லை. லேப்டாப்பை மூடினேன்.

அவள் தலைப்பால் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“இன்னொரு வாட்டி போடுங்க சார்” என்றாள். “இந்த வாட்டி சிரிக்க மாட்டேன்.”

நான் மறுபடி முதலிலிருந்து ஓட்டினேன்.